450 வாட் என்று எழுதியிருந்த பெட்டி

பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் முகப்பை ஒட்டிய அறையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். வீடு எனக்குச் சொந்தமில்லை. வீட்டுக்கார ஆச்சி உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். அந்த அறையில் எனக்கென்று இருப்பது ஒரு டெஸ்க்டாப். எட்டு வருடமாக இந்த வேலையை வைத்துத்தான் என் குடும்பம் ஓடுகிறது.

2023 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை இன்னும் இறங்கவில்லை, கானாடுகாத்தான் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கரண்ட் ஒரு தடவை போய் வந்தது. யுபிஎஸ் பேட்டரி செத்து மாதக்கணக்காகியும் மாற்றாமல், கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் சொருகி வைத்திருந்தேன். மறுபடி ஆன் செய்து கோப்பைத் திறந்தேன். இரண்டாவது தடவை கரண்ட் போய் வந்த நொடியில் கேபினெட்டுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். கருகிய பேக்லைட்டும் மீனும் கலந்தது போல ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. உள்ளே இருந்து ஆச்சி, “என்ன தம்பி, அடுப்பு எதுவும் வச்சிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார்கள்.

எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய சின்ன வோல்டேஜ்களாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி, போய்விட்டது. அது மட்டும் போயிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மதர்போர்டும் போனது, ஹார்ட் டிஸ்க்கும் சுற்றவில்லை. அந்த டிஸ்க்கில் ஒரு கல்யாணத்தின் நாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருந்தன. கேமரா கார்டுகளை அடுத்த விசேஷத்துக்காக முந்தைய நாளே அழித்துவிட்டோம்.

மறுநாள் காரைக்குடியில் ஹார்ட் டிஸ்க் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை போர்டைக் கழற்றி, மல்ட்டிமீட்டரின் இரண்டு ஊசிகளையும் எறும்பு அளவு இருந்த ஒரு கறுப்புப் பொருளின் இரு பக்கமும் வைத்தார். மீட்டர் விடாமல் கத்தியது. “இது டிவிஎஸ் டையோடு தம்பி. அளவுக்கு மேல வோல்டேஜ் வந்தா அதுவே ஷார்ட் ஆகி டிஸ்க்கக் காப்பாத்திட்டுச் செத்துரும். 12 வோல்ட் லைன்ல உள்ளது போயிருக்கு. அப்படின்னா உங்க எஸ்எம்பிஎஸ் சாகுறப்ப 12 வோல்ட்ட எங்கேயோ ஏத்தி விட்டுருக்கு.” அந்த டையோடை எடுத்துவிட்டு, தன்னுடைய நல்ல சப்ளையில் மாட்டினார். டிஸ்க் சுற்றத் தொடங்கிய சத்தத்தை என்னால் மறக்க முடியாது. டையோடு இல்லாத டிஸ்க்குக்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்பதால், படங்கள் அத்தனையையும் உடனே வேறு டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத்தான் என்னை அனுப்பினார். எல்லா டிஸ்க்குக்கும் இந்தக் கொடுப்பினை இருக்காது. டையோடைத் தாண்டி அடி விழுந்திருந்தால் அந்தக் குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

செத்த எஸ்எம்பிஎஸ்ஸையும் அவரிடமே திறக்கச் சொன்னேன். நீங்களாக வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். அவர் முதலில் அதை வடித்துவிட்டுத்தான் கையை உள்ளே விட்டார்.

போர்டில் கரண்ட் நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்டும் சுருளுக்கான இடம் அச்சிடப்பட்டிருந்தது, சுருள் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு வெறும் கம்பித் துண்டுகள். பக்கத்தில் ‘எம்ஓவி’ என்று எழுதிய வட்டம், அதற்குள் ஈயம் வைத்த இரண்டு ஓட்டைகள் மட்டும். இடி மின்னலில் ஏறிவரும் வோல்டேஜை வாங்கிக்கொள்ள வேண்டிய பொருள் அதுதான். வெளியே வரும் லைன்களில் இருந்த கெப்பாசிட்டர் இரண்டின் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்திருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் என் கட்டைவிரல் அளவு. “இது கம்பெனி டிசைன் பண்ணினப்ப எல்லாம் இருந்திருக்கும். விலையைக் குறைக்கிறதுக்காக ஒவ்வொண்ணா உருவிட்டாங்க” என்றார் அண்ணன்.

இந்தப் பெட்டி என்னிடம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தபோது கொட்டேஷனில் பிராசஸர் பெயர், ரேம் பெயர், டிஸ்க்கின் மாடல் எல்லாம் தெளிவாக இருந்தன. கடைசியில் ‘கேபினெட், 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுடன்’ என்று ஒரே வரி. கேபினெட்டோடு இலவசமாக வந்தது என்றுதான் நினைத்தேன். என்ன கம்பெனி, என்ன மாடல் என்று கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் ஒரு வருடம் கழித்து ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். அதற்கு வேண்டிய 8 பின் ஒயர் இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை. கடையில் 150 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் ஒயர் கொடுத்தார்கள், மாட்டினேன். கார்டுக்கு வேண்டிய ஒயரே எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லை என்றால், அந்தக் கார்டைத் தாங்க அது செய்யப்படவில்லை என்று பொருள். இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.

ஸ்டிக்கருக்கு வருகிறேன். எஸ்எம்பிஎஸ்களை ஒப்பிட நினைக்கும் எல்லாரும் முதலில் பார்க்க வேண்டியது அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன அட்டவணை. பெரிதாக எழுதிய வாட் எண்ணை விட்டுவிடுங்கள். 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறது? அதை 12-ஆல் பெருக்குங்கள். என்னுடையதில் 16 ஆம்பியர். ஆக 192 வாட். 5 வோல்ட்டில் 25 ஆம்பியர், அது 125 வாட். 3.3 வோல்ட்டில் 20, அது 66. மீதியிருக்கும் சில்லறை லைன்களையும் சேர்த்தால் 400 வருகிறது. 450 என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டியில், அவர்களுடைய எண்களைக் கூட்டினாலே 450 வரவில்லை. வாங்கிய அன்றைக்கே ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும்.

ஆனால் அதைவிட முக்கியம் அந்த 192. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர்கள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும்தான் அதிகம் தின்றன. 2000-ஆம் ஆண்டில் பென்டியம் 4 வந்தபோது பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் ஒயர் வந்தது. இன்றைக்குப் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான் இழுக்கின்றன. என்னுடைய ஐ5-12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். 3060 கார்டு 170 வாட். இரண்டையும் கூட்டினால் 287. அந்த லைனுக்கு 192 என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆல்பம் வேலையில் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம் என்பதால் அத்தனை நாள் ஓடியிருக்கிறது. நல்ல 450 வாட் பெட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள், 12 வோல்ட்டில் மட்டும் 36 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கும். அதாவது 430 வாட்டுக்கு மேல். இரண்டின் மேலும் ஒரே எண்தான் எழுதியிருக்கும், விலை மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும். ஏன் என்பது இந்தப் பெருக்கலில் புரிந்துவிடும்.

புதிதாக வாங்க மூன்றை எடுத்து ஒப்பிட்டேன். காரைக்குடியில் இரண்டு கடை, அப்புறம் சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போன ஒரு நாளில் ரிச்சி தெரு. கேபினெட்டோடு வரும் ரகம் 850 ரூபாய் சொன்னார்கள். 550 வாட் பிரான்ஸ் (Bronze) ஒன்று 4,600. 650 வாட் கோல்ட், ஒயர்களைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டுகிற வகை, 8,400.

பிரான்ஸ், கோல்ட் என்பதெல்லாம் ‘80 பிளஸ்’ என்ற சான்றிதழின் படிகள். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. 230 வோல்ட் கணக்கில் பாதிச் சுமையில் பிரான்ஸ் 88 சதவீதம், கோல்ட் 92 சதவீதம் தர வேண்டும். கடையில், “கோல்டு வாங்குங்க, கரண்டு பில்லுலயே காசு திரும்பிரும்” என்றார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். என் வேலையில் சராசரியாக 200 வாட் போகிறது. பிரான்ஸ் என்றால் சுவரிலிருந்து 227, கோல்ட் என்றால் 217. பத்து வாட் வித்தியாசம். தினம் பத்து மணி நேரம், வருடம் 300 நாள் என்றால் 30 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் வருடம் 300 ரூபாய். விலை வித்தியாசமான 3,800 ரூபாயைத் திரும்ப எடுக்கப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். இரவு பகலாகக் கம்ப்யூட்டர் ஓடுகிற இடமென்றால் கணக்கு மாறும். என்னைப் போன்ற கடைக்குப் பில்லைக் காட்டிக் கோல்ட் விற்பது சரியான காரணம் இல்லை.

கோல்டுக்குச் சரியான காரணம் சூடு. அந்தச் சான்றிதழுக்கான சோதனையை 23 டிகிரி அறையில் செய்கிறார்கள். சித்திரையில் என் அறையில் மத்தியானம் 37 டிகிரி. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் பொதுவான கணக்கு. அதில் இருக்கும் ஈரம் மெல்லக் காய்ந்துகொண்டே போகிறது. காரைக்குடிக்காரர்களுக்கு எலக்ட்ரோலைட் புதிய சொல் அல்ல. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி ஆராய்ச்சி நிலையமே மின்வேதியியலுக்கென்று இருப்பதுதான். ஆகவே விவரக்குறிப்பில் இரண்டு விஷயம் தேடினேன். கெப்பாசிட்டர் 85 டிகிரி வகையா, 105 டிகிரி வகையா? எழுதியிருக்கும் வாட்டை எத்தனை டிகிரியில் தொடர்ந்து தருவதாகச் சொல்கிறார்கள்? 40 அல்லது 50 டிகிரி என்று எழுதியிருந்தால் நம்பலாம். ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தால் நம் ஊர் வெயிலுக்கு அது ஆகாது.

இன்னொன்றும் நம் பக்கத்துக்கு ரொம்ப முக்கியம். சாயங்காலம் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் என் அறையில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 174 வோல்ட். பழைய ரக எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 230-க்கு என்று கட்டியது, ரொம்பக் கீழே இறங்கினால் திணறும். அந்தச் சுவிட்சைக் குழந்தைகள் யாராவது 115-க்குத் தள்ளிவிட்டு ஆன் செய்தால் வெடித்தேவிடும். ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள நல்ல பெட்டிகளில் இந்தச் சுவிட்ச் இருக்காது, ‘100-240’ என்று எழுதியிருக்கும். 174 வந்தாலும் அவை வேலை செய்யும். சில மலிவான மாடல்களில் பிஎஃப்சி இருந்தாலும் ‘200-240’ என்றே போட்டிருக்கும். ஒரே கம்பெனியின் ஒரே வரிசையிலேயே இப்படி இரண்டு வகை பார்த்தேன். ஸ்டிக்கரைப் படிக்காமல் வாங்கினால் இது தெரியாமலே போகும்.

பாதுகாப்பு எழுத்துகளையும் சொல்லிவிடுகிறேன். ஓவிபி என்பது வோல்டேஜ் ஏறினால் நிறுத்துவது, என் டிஸ்க்கைக் கொல்லப் பார்த்தது அது இல்லாத குறைதான். ஓபிபி மொத்தச் சுமை மீறினால் நிறுத்தும், எஸ்சிபி ஷார்ட் ஆனால் நிறுத்தும், ஓடிபி சூடு மீறினால். இந்த நாலும் வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், கருவி வைத்துச் சோதித்துப் பார்த்தவர்களின் முடிவுகளை இணையத்தில் தேடிப் படியுங்கள். சைபனெடிக்ஸ் என்ற சோதனைக்கூடம் மாடல்வாரியாக அறிக்கை வெளியிடுகிறது. கம்பெனி பெயர் மட்டும் போதாது. சீசானிக், எஃப்எஸ்பி, சூப்பர் ஃப்ளவர் போன்றவர்கள் தாங்களே தயாரிக்கிறார்கள். கோர்செயர் போன்றவர்கள் வேறு தொழிற்சாலைகளில் செய்து வாங்குகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் ஒரே பெயரில் ரொம்ப நல்லதும் சுமாரானதும் இருக்கும். மாடலைப் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் ஒருவர் எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால் இணைத்து ஃபேன் சுற்றுவதைக் காட்டி, “பாருங்க, ஓடுது” என்றார். அது உயிர் இருக்கிறதா என்பதற்கான சோதனை. சுமை தாங்குமா என்பதற்கு அது சோதனை ஆகாது.

நான் எடுத்தது 550 வாட் பிரான்ஸ். என் கம்ப்யூட்டர் உச்சத்தில் 340 வாட்டைத் தாண்டாது, கார்டின் கம்பெனியும் 550 போதும் என்கிறது. 100-240, 105 டிகிரி கெப்பாசிட்டர், 12 வோல்ட்டில் 45 ஆம்பியர், ஐந்து வருட வாரண்டி. இரண்டையும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழையது 720 கிராம், புதியது 1 கிலோ 850.

மாட்டிய அன்று ராத்திரி கேபினெட்டைத் தொட்டேன், சுர்ரென்று இழுத்தது. டெஸ்டரை வைத்தால் எரிகிறது. பழைய மட்டமான பெட்டி இருந்தவரை ஒரு நாளும் ஷாக் அடித்ததில்லை! 4,600 ரூபாய் கொடுத்து ஓட்டைப் பொருளை வாங்கிவிட்டோம் என்று நெஞ்சு படபடத்தது. கடைக்காரரும் போனில், “கொண்டாங்க, மாத்திருவோம்” என்றார்.

பொருளைக் கழற்றுவதற்கு முன்னால் ஊரில் எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டேன். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு ஒயரிங் பார்த்தவர். வந்ததும் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பிளக் பாயிண்டின் முகத்தைக் கழற்றினார். ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். மூன்றாவது திருகில் ஒன்றும் இல்லை, தூசிதான் இருந்தது.

“அப்பு, எர்த்தே இல்ல. மூணு ஓட்டை இருக்கே தவிர, மேல உள்ளது சும்மா.”

“இத்தனை வருசமா ஷாக் அடிக்கலையேண்ணே?”

“பழசுல அடிக்கிறதுக்கு உள்ள என்ன இருந்துச்சு?”

இந்தக் கேள்விக்குள்தான் விஷயம் இருந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள், ஒன்று ஃபேஸிலிருந்து பாடிக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து பாடிக்கு. இரைச்சலை அவை எர்த்துக்குக் கடத்த வேண்டும். எர்த் இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும், வோல்டேஜில் ஏறக்குறைய பாதி அதில் நிற்கும். மீட்டர் வைத்தார், 108 வோல்ட் காட்டியது. போகிற கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுருக்கென்று குத்துவதோடு நிற்கிறது. என் பழைய பெட்டியில் அந்த வடிகட்டியே இல்லை, சுருள் இருக்க வேண்டிய இடத்தில் கம்பித் துண்டுதானே இருந்தது. அதனால்தான் ஷாக் இல்லை. புதியதில் குறை ஒன்றும் இல்லை, சுவரில்தான் குறை. இடி மின்னல் வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளும் பாதுகாப்பும், உள்ளே ஃபேஸ் ஒயர் பாடியில் பட்டால் ஃப்யூஸ் போக வேண்டிய ஏற்பாடும் எல்லாம் அந்த மூன்றாவது பின்னை நம்பித்தான் இருக்கின்றன.

வீடு முழுக்கப் பார்த்தோம். முகப்பில் மர ரீப்பரில் அடித்த பழைய ஒயரிங், பீங்கான் ஃப்யூஸ். இரண்டாம் கட்டில் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு கம்பி போனது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், அந்தக் காலத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தது. அந்தக் குழாய் மண்ணுக்குள் நுழையும் இடத்தில் எப்போதோ பிவிசி மாற்றிவிட்டார்கள். ஆச்சி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். “ஐயா இருக்கும்போது போட்டது தம்பி. குழாய மாத்துனவன் ஒரு வார்த்தை சொல்லலயே.” பத்து வருடத்துக்கு மேலாக அந்த ஃப்ரிட்ஜைத் தினமும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எர்த் குழி போட ஆச்சி ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை எங்கேயும் உடைக்கக் கூடாது. அதனால் வீட்டின் பக்கச் சந்தில், முற்றத்து மழைத்தண்ணீர் வெளியே வந்து விழும் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் மண் செம்மண், நாலு அடிக்குக் கீழே செம்புறாங்கல். மழை முடிந்து இரண்டு மாதத்தில் சுத்தமாகக் காய்ந்துவிடும், காய்ந்த மண் கரண்டை வாங்காது. ஈரம் தங்குகிற இடமாகப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். எட்டு அடி தோண்ட இரண்டு ஆளுக்கு ஒரு முழுநாள் ஆனது. நடுவில் ஜிஐ பைப்பை நிறுத்தி, சுற்றிலும் ஒரு அடுக்குக் கரி, ஒரு அடுக்குக் கல்லுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு புனல். அங்கிருந்து வெளிச் சுவர் ஓரமாகவே ஒயரைக் கொண்டுவந்து, முகப்பு அறைக்கும் இரண்டாம் கட்டுக்கும் கொடுத்தார். கூலியோடு 5,500 ரூபாய். பாதியை ஆச்சி கொடுத்துவிட்டார்கள், நான் கேட்கவே இல்லை. மெயினில் ஒரு ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானாக அணைத்துவிடும் சுவிட்ச்) வைத்தோம்.

முடிந்ததும் அண்ணன் மீட்டரில் காட்டினார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1.4. கேபினெட்டில் டெஸ்டர் எரியவில்லை. உங்கள் வீட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஸ்எம்பிஎஸ் வாங்குவதைத் தள்ளிப்போட்டு முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். கோல்ட் வாங்காமல் மிச்சம் பிடித்த 3,800 ரூபாயிலிருந்துதான் இந்தக் குழிக்கான என் பங்கு போனது. அந்தப் பணத்தை அதைவிட நல்ல இடத்தில் போட்டிருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன்.

யுபிஎஸ் பற்றியும் கொஞ்சம். புது யுபிஎஸ் வாங்கும்வரை ஆச்சி வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்திருந்தேன். கரண்ட் போனால் விளக்கு ஒரு துளி மங்கி எரியும், கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். கரண்ட் அறுந்த பிறகு எஸ்எம்பிஎஸ் தன் பெரிய கெப்பாசிட்டரில் உள்ள சேமிப்பை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும். முழுச் சுமையில் 16 மில்லி நொடியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிமுறையில் வெகுகாலம் இருந்த அளவு. நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு சுற்றே 20 மில்லி நொடி, இந்த 16 அதைவிடக் குறைவு. அந்த நேரத்துக்குள் இன்வெர்ட்டர் மாறிவிட வேண்டும். ஆச்சி வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ‘நார்மல்’, ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தது. யுபிஎஸ் பக்கம் தள்ளியதும் ரீஸ்டார்ட் நின்றது. உங்கள் வீட்டு இன்வெர்ட்டரையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அப்புறம் யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ என்பதை 600 வாட் என்று நினைத்துவிடாதீர்கள், சாதாரணமாக அது 360 வாட்தான். எனக்கு 1000 விஏ தேவைப்பட்டது. வாங்கியதும் முழுச் சுமையில் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து மூன்று தடவை சோதித்தேன். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள எஸ்எம்பிஎஸ் சில மலிவான யுபிஎஸ்களின் சதுர அலையோடு ஒத்துப்போகாது. கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குவது நல்லது.

மிச்சமெல்லாம் சின்ன விஷயங்கள், ஆனால் விட மனமில்லை. கழற்றி மாட்டும் ஒயர் உள்ள எஸ்எம்பிஎஸ் வாங்கினால், அதன் ஒயரை வேறு எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டவே மாட்டாதீர்கள். சொருகுமிடம் பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். தேவகோட்டையில் என் நண்பர் ஒருவர் இப்படி இரண்டு டிஸ்க்குகளை ஒரே நிமிடத்தில் இழந்தார். வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, சர்வீஸ் திருச்சியிலா, மதுரையிலா, இல்லை சென்னைக்கே அனுப்ப வேண்டுமா என்றும் கேளுங்கள். பில் மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் பல்லி அதிகம், சூட்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய் ஒண்டும். கேபினெட்டின் பின்னால் காலியாக இருக்கும் தகட்டு ஓட்டைகளை மூடிவிட்டேன்.

பங்குனி முடியும்போது மண் காய்ந்து, நியூட்ரல்–எர்த் அளவு 3-க்கு மேல் ஏறியதைப் பார்த்தேன். அன்றிலிருந்து வெயில் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் புனலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். போன வைகாசியில் ஒரு வாரம் ஊரில் இல்லை. திரும்பி வந்து குடத்தை எடுத்தபோது ஆச்சி உள்ளே இருந்தே சொன்னார்கள்: “ஊத்திட்டேன் தம்பி, நேத்தே ஊத்திட்டேன்.”